எனக்குக் கொடுத்த வாக்கு

என் மேசை இழுப்பறையில் மூன்று டைரிகள் இருக்கின்றன. நகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் இலவசமாகக் கொடுத்தவை. மூன்றிலும் ஜனவரி 1 என்ற தேதிக்குக் கீழே கிட்டத்தட்ட ஒரே வரியை எழுதியிருக்கிறேன்: ‘தினமும் காலை 5.30க்கு நடக்க வேண்டும். 8 கிலோ குறைக்க வேண்டும்.’ முதல் டைரியில் நடந்த நாள்களின் கணக்கு ஜனவரி 6ஆம் தேதியோடு நிற்கிறது. இரண்டாவதில் 12. மூன்றாவதில் 9. ஒன்றுகூடப் பொங்கலைத் தாண்டவில்லை.

‘எனக்கு வில்பவர் கிடையாதுப்பா’ என்று சிரித்தபடியே தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரிப்பு வெளியில்தான். உள்ளுக்குள் அதை என் குணத்தைப் பற்றிய தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவள், சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவள். புத்தாண்டுத் தீர்மானம் தோற்பது எல்லோரும் ஜோக் அடிக்கும் விஷயம்தான். ஆனால் ஜோக்குக்கு அடியில் ஒரு ஒழுக்கக் குற்றச்சாட்டு இருக்கிறது. அந்தக் குற்றச்சாட்டு சரிதானா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

எனக்கு வயது 47. மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. நாளெல்லாம் உட்கார்ந்த இடம். என் அம்மாவுக்கு 44 வயதில் சர்க்கரை வந்தது. 61 வயதில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். 66 வயதில் போய்விட்டார். எனக்கு 45 வயது ஆனபோது மூன்று மாதச் சராசரி காட்டும் சர்க்கரைப் பரிசோதனையில் 6.1 என்று வந்தது. 6.5 தொட்டால் நோய். மருத்துவர் சின்னப் பெண். ‘இன்னும் வீட்டுக்குள்ள வரலைம்மா, வாசல்ல நிக்குது’ என்றார். ‘தினமும் அரைமணி நேரம் நடங்க. மோட்டிவேஷன்தான் முக்கியம்.’

மோட்டிவேஷன். அந்தச் சொல்லை வீட்டுக்கு எடுத்து வந்து மூன்றாவது டைரியில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன். 9ஆம் தேதி தோற்ற டைரி அதுதான்.

ஜனவரி 1 மார்கழியின் நடுவில் வருகிறது. எங்கள் ஊர்களில் வருடத்திலேயே பெண்கள் மிக அதிகமாக விடியலில் எழும் மாதம் அது. என் அம்மா மார்கழி முழுக்க 4.30 மணிக்கு எழுவார். வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, 21 புள்ளிக் கோலத்தைக் குனிந்தும் குத்துக்காலிட்டும் போட்டு முடித்து, சாணிப் பிள்ளையாரில் பூசணிப்பூ செருகி வைப்பார். பனி கொட்டும். முழங்கால் வலிக்கும். ஒரு நாள் தவறியதில்லை. அவருக்கு யாரும் மோட்டிவேஷன் கொடுக்கவில்லை.

விரதமும் அப்படித்தான். எனக்குக் குழந்தை தள்ளிப்போனபோது கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமுமாக இருந்தார். அப்போதே அவருக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது ஆபத்து என்று திட்டினோம். ‘உனக்காகத்தானடி’ என்றார். அதே அம்மாவிடம்தான் மருத்துவர்கள் இருபது வருடம் ‘நடங்கம்மா, வாயைக் கட்டுங்கம்மா’ என்று சொல்லிச் சலித்தார்கள். ‘எங்க நேரம்?’ என்பார். அவருடைய நோய்ச்சீட்டில் ‘அறிவுரையைப் பின்பற்றுவதில்லை’ என்று ஒருமுறை எழுதியிருந்ததைப் பார்த்தேன்.

முப்பது நாள் விடியலில் எழுந்தவருக்கு, ஆறு நாள் பசியைத் தாங்கியவருக்கு மனஉறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? உறுதி மலைபோல் இருந்தது. வீட்டின் மங்கலத்துக்கு, மகளின் வயிற்றுக்கு, கணவனின் ஆயுளுக்கு என்றால் அது தானாகத் திறந்தது. தனக்கு என்று வரும்போது மட்டும் அடைத்துக்கொண்டது. பழகிய பக்கமெல்லாம் ஓடுகிற தண்ணீர் ஒரு வாய்க்காலில் மட்டும் ஏறவில்லையென்றால், தண்ணீரைக் குறை சொல்வோமா, வாய்க்காலைத் தோண்டிப் பார்ப்போமா?

ஊக்கத்துக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. ஊக்கமுடைமை, 60ஆவது அதிகாரம். அது பொருட்பாலில், அரசியல் என்ற பகுதியில் வருகிறது. அதாவது தன் பொழுதும் பிறர் பொழுதும் தன் கையில் உள்ளவனுக்குச் சொன்ன இடத்தில். மனைவியைப் பற்றிய வாழ்க்கைத் துணைநலம் வேறு இடத்தில், இல்லறவியலில் இருக்கிறது. இந்தப் பகுப்பு வள்ளுவர் செய்ததா, பின்னால் வந்தவர்கள் செய்ததா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நம் வீடுகள் ஊக்கத்தை இன்னமும் அப்படித்தான் பங்கு பிரித்து வைத்திருக்கின்றன என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அரிஸ்டாட்டில் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார். நல்லது எது என்று தெரிந்தும் அதைச் செய்யாமல் போகும் பலவீனத்தைப் பற்றி அவர் தன் அறவியல் நூலில் விரிவாகப் பேசுகிறார். புத்தாண்டுத் தீர்மானக்காரர்களுக்கு அவர்தான் முதல் ஆய்வாளர். ஆனால் ‘அரசியல்’ என்ற நூலில் வேறொன்று சொல்கிறார். யோசித்து முடிவெடுக்கும் ஆற்றல் அடிமைக்கு இல்லை, பெண்ணுக்கு உண்டு, ஆனால் அவளிடம் அதற்கு அதிகாரம் இல்லை என்கிறார். இயற்கையே அப்படி அமைத்தது என்பது அவர் கருத்து. நூலக மேசையில் இதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு, இயற்கையைப் பற்றி அவர் சொன்னது பொய், ஆனால் என் வீட்டைப் பற்றிய வர்ணனை சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. நான் முடிவெடுத்தேன். என் முடிவுக்கு அதிகாரம் இல்லை.

என் டைரிகளை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். முதல் வருடம் 7ஆம் தேதி: ‘அத்தைக்கு இருமல். வெந்நீர், கஷாயம். போகவில்லை.’ இரண்டாம் வருடம் 13ஆம் தேதி: ‘வீடு ஒழிக்கணும், பரண் சாமான். பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம்.’ மூன்றாம் வருடம் 10ஆம் தேதி: ‘அவருக்கு 7 மணிக்கு மீட்டிங், டிபன் சீக்கிரம்.’ யாரும் என்னைத் தடுக்கவில்லை. ‘போகாதே’ என்று யாரும் சொல்லவில்லை. ‘நாளைக்குப் போயேன்’ என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொரு ‘நாளைக்கு’வும் நியாயமாகவே இருந்தது. அதனால்தான் அதை எதிர்த்துச் சண்டை போட முடியவில்லை.

தாமஸ் ஹாப்ஸ் 1651இல் வெளியான ‘லெவியத்தான்’ நூலில், அரசனைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம் சொல்கிறார். தனக்கு மட்டும் கட்டுப்பட்டவன் உண்மையில் கட்டுப்பட்டவனே அல்ல. கட்டியவனே அவிழ்த்துவிடலாம் அல்லவா? உங்களுக்கு நான் வாக்குக் கொடுத்தால் அதிலிருந்து என்னை விடுவிக்க உங்களால்தான் முடியும். எனக்கு நானே கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் விடுவித்துக்கொள்வேன். பிறகு அது எப்படி வாக்கு ஆகும்? நல்ல கேள்வி. ஆனால் அது ஓர் அரசனின் கேள்வி. என் அனுபவம் வேறு. எனக்கு நான் கொடுத்த வாக்கை என் மாமியாரின் இருமலால் ரத்து செய்ய முடிந்தது. கணவரின் மீட்டிங்கால் முடிந்தது. பரணால்கூட முடிந்தது. வாக்கைக் கொடுத்தவளும் பெற்றவளும் நான்தான். ஆனால் அதை அவிழ்க்கும் முடிச்சு மட்டும் வீட்டில் எல்லோர் கையிலும் இருந்தது.

என் கணவர் 11 வருடமாகக் காலை 6 மணிக்கு ஷட்டில் ஆடப் போகிறார். ‘அவருக்கு டிசிப்ளின் ஜாஸ்தி’ என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த டிசிப்ளினுக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். 5.30க்கு நான் போடும் காபி. முதல் நாளே துவைத்து மடித்து வைத்த டிஷர்ட். அவர் திரும்பும்போது தயாராக இருக்கும் டிபன். அவர் இல்லாத நேரத்தில் மகள் எழுந்தாளா, பால் வந்ததா, தண்ணீர் லாரி வந்ததா என்று பார்த்துக்கொள்ளும் ஓர் ஆள். அவருடைய மனஉறுதி பொய் என்று நான் சொல்லவில்லை. அதில் என் ஒன்றரை மணி நேரமும் சேர்ந்திருக்கிறது என்கிறேன்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். ஈடுபடுகிறவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பெண்களில் 81 சதவீதம் பேர், ஆண்களில் 26 சதவீதம் பேர். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 150 நிமிடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட உறுதிமொழி எழுதும் டைரியைவிட இந்தக் கணக்கு உதவும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். வெளியாள் யாரும் சொல்ல வேண்டாம், எனக்குள்ளேயே வந்தது. ‘இதெல்லாம் சாக்கு. பதினைந்து நிமிடம்கூடவா கிடைக்காது? மொட்டை மாடியில் நடக்கலாமே? இரவு ரீல்ஸ் பார்க்க மட்டும் நேரம் இருக்கிறதே?’ உண்மை. கிடைத்த நேரத்தில் படுத்துக்கொண்டு செல்போன் பார்த்த நாள்கள் எனக்கு நிறைய உண்டு. அதற்குக் குடும்பத்தின் மீது பழி போட மாட்டேன். ஆனால் அந்த நேரம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். எல்லா வேலையும் முடிந்து, எல்லோரும் படுத்த பிறகு மிஞ்சுகிற நேரம் அது. எந்த நொடியும் ‘அம்மா’ என்ற குரல் வரலாம் என்று காது திறந்தே இருக்கும் நேரம். மிச்சம் விழுந்த சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். மிச்சம் விழுந்த நேரத்திலும் உடம்பை வளர்த்துக்கொள்ளச் சொன்னால், அதைச் செய்ய முடியாததைச் சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

நேரம் என் கையில் இல்லாதபோது நான் பிடித்துக்கொண்ட ஆயுதம் வெட்கம். மூன்றாம் வருடம் என் கல்யாணப் போட்டோ ஒன்றை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். 52 கிலோ. கண்ணாடி முன்னால் நின்று ‘எருமை மாடு’ என்று சத்தமாகவே சொல்லிக்கொள்வேன். எடை மெஷினை ஹாலில் வைத்தேன், எல்லோர் கண்ணிலும் பட்டால் பயம் இருக்கும் என்று. அந்தப் பயம் ஏழெட்டு நாள் என்னை நடக்க வைத்தது என்பதை மறைக்கவில்லை.

ஒருநாள் காலை என் மகள் இரண்டாவது இட்லியோடு கையைக் கழுவ எழுந்தாள். அவளுக்கு 15 வயது. இன்னொன்று வைக்கப் போனேன்.

‘போதும்மா.’

‘ஏன்டி, நாலு சாப்பிடுவியே?’

‘சாப்பிட்டா நானும் உன்னை மாதிரி ஆயிருவேன்ல.’

கேலியாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய் மெஷினில் ஏறி நின்றாள். அது தினமும் நடக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் என்னை அடித்துக்கொண்ட சாட்டை என்னோடு நிற்கவில்லை. வெட்கத்துக்கு என் உடம்பு, உன் உடம்பு என்ற எல்லை தெரியாது. மெஷினை அன்றே பரணில் ஏற்றினேன். ஆனால் சொன்ன சொற்களைப் பரணில் ஏற்ற முடியாது.

பெண்ணிய வாசிப்புக் குழுவில் இதைச் சொன்னபோது ஒரு தோழி, ‘ஏன் இளைக்கணும்? உன் உடம்பு இப்படியே இருக்கட்டும். அளவைச் சொல்றது சந்தை’ என்றார். பாதி சரி. பி.எம்.ஐ. என்று நாம் கும்பிடும் அளவுகோலின் சூத்திரம் 1830களில் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணிதவியலாளர் உருவாக்கியது. மக்கள்தொகையின் சராசரியைப் படிக்கத்தான், ஒரு பெண்ணின் யோக்கியதையை எடைபோட அல்ல. அதை நான் விட்டுவிடத் தயார். அம்மாவின் இரண்டு விரல்களை விட முடியாது. என் உடம்பை அப்படியே நேசிக்கச் சொல்கிறாய், சரி. நேசிக்கிற உடம்பை வாசலில் நிற்கும் நோய்க்குக் கொடுத்துவிட்டு உட்கார்வது என்ன நேசம்?

அந்தத் தேடலில்தான் சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் படித்தேன். என்னைப்போல் வாசலில் நிற்கிறவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு. நடையும் உணவு மாற்றமும் செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடை வேறு, நலம் வேறு என்று என் ஊர்க்காரர்களின் உடம்பே சொல்லியிருக்கிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆய்வில் இருந்த 531 பேரில் பெண்கள் 110 பேர்தான்.

ஆக, 8 கிலோவைக் கைவிட்டேன். நடையை வைத்துக்கொண்டேன். இனி நேரம் வேண்டும். வீட்டில் பேச்சை எடுத்ததும் ஒரு நொடியில் தீர்வு வந்தது: ‘வேலைக்கு வர்ற அக்காவை 5.30க்கே வரச் சொல்லிடலாம்.’ அவர் 7 மணிக்கு வந்து பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து, காய் நறுக்கிக் கொடுப்பவர். எங்கள் வீடு அவருக்கு நான்கில் முதல் வீடு. கேட்டேன். ‘வர்றேன்க்கா. 4 மணிக்கு எந்திரிக்கணும், அவ்வளவுதானே’ என்றார். பாத்திரத்தைக் கவிழ்த்தபடியே அவரும் சொன்னார், சுகாதார நிலையத்தில் அவருக்கும் சர்க்கரை என்று சொல்லி நடக்கச் சொன்னார்களாம். ‘நாலு வீடு நடக்கிறது நடை இல்லையாக்கா?’

என் நேரத்தை இன்னொரு பெண்ணின் தூக்கத்திலிருந்து எடுக்கப் பார்த்தேன். நடுத்தரக் குடும்பத்துப் பெண்களின் விடுதலை பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. அது வேண்டாம் என்று முடிவு செய்ததும், கேட்க வேண்டிய ஆள் ஒருவர்தான் மிச்சம்.

‘வாரத்துல மூணு நாள் காலையில நீங்க வீட்டைப் பாத்துக்கங்க. மூணு நாள் நான் பாக்குறேன்’ என்றேன்.

‘ஷட்டிலை விடச் சொல்றியா?’

‘பாதியை.’

அவர் கெட்டவர் இல்லை. இரண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். பிறகு ஓர் ஆடி மாதத்தில், எதையும் தொடங்கக் கூடாத மாதத்தில், தொடங்கினோம். முதல் மாதம் உப்புமா களியாகவே இருந்தது. ‘என் மகனை அடுப்படியில நிக்க வச்சுட்டா’ என்று அத்தை உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டார். நான் ஷூ மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். திரும்பிப் போகாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. மாநகராட்சிப் பூங்காவை ஆறு சுற்றுச் சுற்றுவது அதற்கு முன் ஒன்றுமே இல்லை. எனக்கு மனஉறுதி தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் அது கொழுப்போடு போராட அல்ல, அந்தச் சத்தத்தைச் சகித்துக்கொள்ள.

ஒன்றரை வருடம் ஆகிறது. எடை 2 கிலோ குறைந்திருக்கிறது. சர்க்கரை 5.8. போகாத நாள்களும் உண்டு. மழை பெய்தால் போவதில்லை, சில நாள் பெய்யாவிட்டாலும் போவதில்லை. முன்பெல்லாம் ஒரு நாள் தவறினால் அது நான் எப்படிப்பட்டவள் என்பதற்குச் சாட்சியாக நிற்கும், மறுநாள் போக மனம் வராது. இப்போது தவறிய நாள் தவறிய நாள்தான். என் முறை என்று இருக்கிற காலையை நான் தூங்கியும் கழிக்கலாம். அந்த உரிமை வந்த பிறகுதான் தீர்மானம் என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் தெரிந்தது. மகள் இப்போது மூன்று இட்லி சாப்பிடுகிறாள். தனியாகக் கண்ணாடி முன் நிற்கும்போது என்ன நினைக்கிறாள் என்று தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள்.

புத்தாண்டுக்குத் தீர்மானம் எழுதப்போகிற தோழிகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எத்தனை கிலோ என்று எழுதும் முன், அந்த நேரத்தில் வீட்டில் டிபன் யார் செய்வது என்று எழுதுங்கள். அந்தப் பெயரை எழுத முடியவில்லையென்றால், தோற்கப்போவது உங்கள் மனஉறுதி அல்ல.

பெயர் எழுத ஆளே இல்லாதவர்களுக்கு இது போதாது என்பதும் தெரியும். வேலைக்கு வரும் அக்காவுக்குக் கணவர் இல்லை. அவருடைய கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று மாற்றினோம். அவர் போகும் மற்ற மூன்று வீடுகளில் ஒன்று மட்டும் அதற்கு ஒத்துக்கொண்டது. முதல் லீவுக்கு அடுத்த நாள், ‘நடந்தீங்களாக்கா?’ என்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே கேட்டிருக்கக் கூடாது என்று பட்டது. என் மருத்துவரின் குரல் என் வாயில்.

‘இல்லக்கா. ஒன்பது மணி வரைக்கும் தூங்குனேன்’ என்றார்.